குடியை விட்ட பிறகு வரும் பயம்

திருகோணமலையின் திருக்கடலூரில் கடல் தொழில் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது வருடமாகக் குடித்தவர். வைத்தியசாலையில் கொஞ்ச நாள் தங்கி, குடியை நிறுத்தி, வீட்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. கை நடுக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்குகிறது. வீட்டில் இருப்பவர்கள் இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள். ஒரு பின்னேரம் சந்தைக்குப் போன இடத்தில், காரணமே இல்லாமல் நெஞ்சு இடிக்கத் தொடங்குகிறது. வியர்க்கிறது, மூச்சு போதவில்லை, விரல் நுனிகள் விறைக்கின்றன. ஹார்ட் அட்டாக் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்கிறார் வைத்தியர். திரும்பி வரும் வழியில் அவர் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது: குடித்த காலத்தில் இப்படி வந்ததே இல்லை, அப்படியென்றால் விட்டதுதான் பிழை.

பலர் திரும்பவும் போத்தலைத் தொடுவது இந்தக் கணக்கினால்தான். ஆசையை விட இந்தப் பயம்தான் ஆளை வீழ்த்துகிறது என்றுகூடச் சில வேளை தோன்றும். கணக்கு பிழை. ஆனால் அதைப் போட்டவர் முட்டாள் இல்லை. அவர் கண்ட வரைக்கும் சாராயம் உள்ளே போனதும் பயம் அடங்கியிருக்கிறது, அது உண்மைதான். அந்தப் பயத்தை ஒவ்வொரு நாளும் உண்டாக்கியதும் அதே சாராயம் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போனது.

மூளைக்குள் நடப்பது

மூளையில் ஆளை அமைதிப்படுத்தும் வேலையைச் செய்யும் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, பெயர் காபா. உசுப்பிவிடும் வேலையைச் செய்வது இன்னொன்று, குளூட்டமேட். இரண்டும் சமநிலையில் இருந்தால்தான் விழிப்பாகவும் இருக்கலாம், பதறாமலும் இருக்கலாம். மது காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. முதல் இரண்டு கிளாஸில் தோள்பட்டை தளர்ந்து வாய் திறப்பது அதனால்தான்.

ஒவ்வொரு நாளும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. அமைதிப்படுத்தும் பக்கத்தைத் தானே குறைத்து, உசுப்பும் பக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. பாய் கட்டி ஓடும் வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது, கவிழாமல் இருக்க ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்காருவார்கள். காற்று திடீரென்று விழுந்துவிட்டால், சாய்ந்திருந்த பக்கமே வள்ளம் சரியும். குடியை நிறுத்தியதும் மூளை சரிவது இப்படித்தான். ஆட்கள் பழையபடி நடுவுக்கு வர நேரம் எடுக்கும்.

இது குடியை முழுதாக விட்டவருக்கு மட்டும் வருவதில்லை. இரவு நன்றாகக் குடித்துவிட்டுப் படுத்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழும்புவதைக் குடிக்கிற வீடுகளில் எல்லோரும் கண்டிருப்பார்கள். மது இறங்க இறங்க, உசுப்பும் பக்கம் மேலே வருகிறது. காலையில் 'ஒரு சின்னது' போட்டால் அடங்குகிறது. அது மருந்தாக வேலை செய்ததாக அவர் நினைக்கிறார். நேற்றைய குடி போட்ட கடனை இன்றைய குடி கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. குடித்த காலத்தில் இப்படி வந்ததில்லை என்று சொல்பவருக்கு உண்மையில் ஒவ்வொரு விடியலிலும் வந்திருக்கிறது. முழு உருவத்தில் பார்க்கும் முன்பே அதை மூடிவிட்டார், அவ்வளவுதான்.

ஹெரோயின் பாவித்தவரின் கதை கொஞ்சம் வேறு. நோரட்ரீனலின் என்ற விழிப்பு வேதிப்பொருளை அந்தத் தூள் அமுக்கி வைத்திருக்கும். நிறுத்தியதும் அது பீறிட்டுக் கிளம்பும்: உடம்பு நோவு, வயிற்றோட்டம், மூக்கொழுகல், கூடவே பதற்றம். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒன்றரைக் கிழமைக்குள் உடம்பின் பாடு குறையும். ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) பாவித்தவருக்கு முதலில் ஒரே நித்திரையும் பசியும். அப்புறம் சோர்வும் சந்தேகமும் பயமும் கிழமைக் கணக்கில் இழுக்கும். கஞ்சாவை விட்டவருக்கும் எரிச்சலும் நித்திரையின்மையும் பதகளிப்பும் வருவதுண்டு, ஏறத்தாழ இரண்டு கிழமையில் தணியும்.

முதல் சில நாட்கள் வேறு விஷயம்

மேலே போகும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சொன்ன கடல் தொழிலாளிக்கு மூன்றாம் கிழமையில் வந்தது உயிரை எடுக்காது. முதல் நாட்களில் வருவது எடுக்கலாம். வருடக் கணக்கில் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணித்தியாலத்திலேயே நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் தெரிந்து, காய்ச்சலும் வியர்வையுமாக உடம்பு கொதிக்கும். இதைப் பேய் என்று வீட்டில் கட்டி வைத்து, நூல் கட்ட ஆள் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூல் கட்டுவதால் கெடுதல் இல்லை. அந்த நேரத்தில் வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பதில்தான் கெடுதல்.

ஆகவே நாள்தோறும் குடிப்பவர் 'நாளைக்குக் காலையிலிருந்து இல்லை' என்று தன்னந்தனியாக முடிவெடுக்கக் கூடாது. திருகோணமலை பொது வைத்தியசாலையிலோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிலோ முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வலிப்பு வராமல் இருக்கச் சில நாட்களுக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். விற்றமின் பி1 தருவார்கள். குடியர்களின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாவிட்டால் மூளைக்கே கேடு. அந்த முதல் கிழமையில் வள்ளம் ஏறுவது, ஓட்டோ ஓட்டுவது, மரம் ஏறுவது எல்லாம் வேண்டாம். நடுக்கடலில் வலிப்பு வந்தால் கூட இருப்பவராலும் அதிகம் செய்ய முடியாது. வீட்டில் யாருக்காவது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் 1990 ஐ அழையுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம், காசு கட்டத் தேவையில்லை.

பானிக் அட்டாக் என்பது என்ன

சரி, மூன்றாம் கிழமைக்கு வருவோம். பானிக் அட்டாக் என்றால் ஆபத்தே இல்லாத இடத்தில் உடம்பின் ஆபத்து மணி அடிப்பது. அட்ரீனலின் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் பாய்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது: இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமெடுக்கும், தசைகள் இறுகும், வயிறு பிசையும். நாய் துரத்தினால் இதெல்லாம் தேவை. சந்தையில் மீன் விலை கேட்டுக்கொண்டு நிற்கும்போது வந்தால், காரணம் வெளியே கிடைக்காமல் மனம் உள்ளே தேடும். நெஞ்சு அடிக்கிறதே, இதயம்தான் போகிறது என்று முடிவு கட்டும். அந்த நினைப்பு இன்னும் அட்ரீனலினைக் கொண்டுவரும், நெஞ்சு இன்னும் அடிக்கும். பயத்தைப் பார்த்தே பயம் ஏறுகிற வட்டம் இது.

விரல் விறைப்புக்கும் தலைச்சுற்றுக்கும் தனியாக ஒரு காரணம் உண்டு. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அதனால் வாயைச் சுற்றியும் விரல்களிலும் ஊசி குத்துவது போல விறைக்கும், தலை பாரமில்லாமல் மிதக்கும், சுற்றியிருப்பவை நிஜமில்லாதது போலத் தெரியும். ஒட்சிசன் போதாததால் வருவதில்லை இது. அதனால்தான் பக்கத்தில் நிற்பவர்கள் "மூச்சை நல்லா இழுத்து விடு" என்று சொல்வது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. ஏற்கெனவே அதிகமாக இழுப்பவரை இன்னும் இழுக்கச் சொல்கிறோம்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று நேரக் கணக்கு. பெரும்பாலான பானிக் அட்டாக் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அரை மணித்தியாலத்துக்குள் தணியத் தொடங்கும். அதை நிறுத்த நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் தணியும், ஏனென்றால் உடம்பால் அந்த வேகத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்க முடியாது. குடிக்க வேண்டும் என்ற தவிப்பும் ஏறக்குறைய இதே அளவு நேரம்தான் நிற்கும். இரண்டும் சேர்ந்து வரும்போது எது எது என்று பிரிக்க முடியாமல் போகும். பிரிக்கத் தேவையும் இல்லை, இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

வந்த நேரத்தில் செய்வது

முதல் வேலை, ஓடாமல் இருப்பது. கடை வாசலில் வந்தால் ஒரு ஓரமாக உட்காருங்கள். பஸ்ஸில் வந்தால் இறங்காதீர்கள். 'இது பானிக், வந்து போகும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். நம்பிக்கையோடு சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, சொன்னால் போதும்.

அப்புறம் மூச்சு. மூக்கால் மெதுவாக, நாலு எண்ணும் வரை உள்ளே. ஆறு எண்ணும் வரை வெளியே. உள்ளே போவது சிறியதாக இருக்கட்டும், வெளியே வருவது நீளமாக இருக்கட்டும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், அதை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். தேவாரத்தை இழுத்துப் பாடுவதும், திக்ர் செய்வதும், செபமாலை உருட்டுவதும் பலருக்கு ஏன் அமைதி தருகிறது என்பதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது: வார்த்தையைச் சொல்லி முடிக்கும் வரை மூச்சு வெளியேதான் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு எது வாயில் வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியத்தை விட்டுவிடுங்கள். வந்தது ஆஸ்துமாவாகவோ இதய நோயாகவோ இருந்தால் அது ஆபத்து.

கவனத்தை உடம்புக்குள்ளிருந்து வெளியே எடுப்பது மூன்றாவது. கண்ணில் படும் ஐந்து பொருளை மெதுவாகப் பெயர் சொல்லுங்கள், நாலு பொருளைத் தொடுங்கள், மூன்று சத்தத்தைக் கேளுங்கள். உட்துறைமுக வீதியில் நிற்பவருக்கு இதற்குப் பஞ்சமே இல்லை: கப்பல், காகம், மதில், ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு, யாரையும் கணக்கில் எடுக்காமல் வீதியைக் கடக்கும் மான். கிணற்றடி பக்கத்தில் இருந்தால் குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அள்ளி அடியுங்கள், அதுவும் துடிப்பைக் கொஞ்சம் இறக்கும்.

ஆனால் இவற்றை எல்லாம் 'பயத்தை உடனே நிறுத்தும் மந்திரம்' என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். நாலு தரம் மூச்சு விட்டுவிட்டு 'இன்னும் போகவில்லையே' என்று பார்ப்பவருக்குப் பயம் கூடும். போனாலும் சரி, இருந்தாலும் சரி, நான் இங்கேதான் நிற்கிறேன் என்ற நிலைக்கு வருவதற்குத்தான் மூச்சும் எண்ணிக்கையும். என்னைக் கேட்டால், இந்த முழுக் கட்டுரையிலும் விளங்கிக்கொள்ளக் கடினமான இடம் இதுதான். வாசித்து விளங்குவதை விட, ஒரு முறை ஓடாமல் நின்று பார்த்தால் கெதியாக விளங்கும்.

ஓடினால் என்ன நடக்கும் என்றும் பார்த்துவிடுவோம். சந்தையில் வந்தது என்று சந்தையை விட்டால், அடுத்தது பஸ், அடுத்தது கோயில் திருவிழாக் கூட்டம், அடுத்தது பள்ளிவாசல் ஜும்ஆ. சில மாதத்தில் வீட்டு விறாந்தை மட்டும் மிஞ்சும். ஓடிய ஒவ்வொரு முறையும் 'ஓடியதால் தப்பினேன்' என்று மூளை பதிந்துகொள்கிறது. விட்ட இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போக வேண்டும்: முதலில் கூட்டம் இல்லாத நேரம், ஒரு ஆளோடு, பிறகு தனியாக. இதில் ஒரு விலக்கு உண்டு. பார் வாசலும் பழைய கூட்டாளிகள் கூடும் இடமும் இந்தப் பட்டியலில் சேராது. அங்கே போய்த் தைரியத்தைக் காட்டத் தேவையில்லை.

இதயத்தைச் சோதித்து ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு செய்யக்கூடிய நல்ல பயிற்சி ஒன்று, வேண்டுமென்றே நெஞ்சை அடிக்க வைப்பது. கோட்டை வாசலில் தொடங்கிக் கோணேசர் கோயில் வரைக்கும் அந்த ஏற்றத்தில் வேகமாக நடந்து பாருங்கள். மேலே போய்ச் சேரும்போது நெஞ்சு இடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பானிக்கில் வரும் அதே அடையாளங்கள்தான், ஆனால் இப்போது காரணம் தெரியும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்கு, நெஞ்சு அடிப்பது என்பது சாவின் அறிவிப்பு என்ற பழக்கம் மெல்லக் கழன்றுவிடும். நடப்பதால் நித்திரையும் நன்றாக வரும், அது தனி இலாபம்.

நாளாந்தம் கவனிக்க வேண்டிய சில சின்னச் சங்கதிகள்

குடியை விட்டவர்கள் பிளேன்ரீயில் இறங்கிவிடுவது இங்கே வழக்கம். ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை, சாயம் கறுக்கக் கறுக்க. சிகரட்டும் இரட்டிப்பாகும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் நெஞ்சை அடிக்க வைக்கும், நித்திரையைக் கெடுக்கும். சிகரட் பிடித்த கையோடு அமைதி வந்தது போலத் தெரிந்தாலும், அது இறங்கும்போது அடுத்த பதற்றம் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. பின்னேரத்துக்குப் பிறகு தேநீரைக் குறைத்துப் பாருங்கள். காலையில் சாப்பிடாமல் திரிந்தால் இரத்தத்தில் சீனி இறங்கும், அப்போது வரும் நடுக்கமும் வியர்வையும் பானிக் போலவே இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றாலும் இதே கதைதான்.

நித்திரை சரியாக வர மாதங்கள்கூட ஆகலாம். அதற்காகப் பார்மசியில் கேட்டு நித்திரைக் குளிசை வாங்குவது, கூட்டாளி தந்த பிரிகபலின் (நரம்பு நோவுக்குத் தரும் மருந்து) வில்லையைப் போடுவது, இவை ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்ததில் விழும் வேலை. டயசிபாம் போன்ற குளிசைகள் மது தொடும் அதே காபாவைத்தான் தொடுகின்றன. பழக்கமாகும், திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரும், மதுவோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். வைத்தியர் மேற்பார்வையில் சில நாட்களுக்குத் தருவது வேறு.

ஹெரோயினை விட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு எச்சரிக்கை. சில கிழமைகள் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பயத்தை அடக்கப் பழைய அளவையே எடுத்தால், அந்த ஒரு முறையிலேயே மூச்சு நின்று சாகலாம்.

வீட்டில் இருப்பவர்கள்

"ஆம்பிளைக்கு இதென்ன பயம்" என்பது உதவாது. "பயப்பிடாதே" என்பதும் பெரிதாக உதவாது, அவர் விரும்பிப் பயப்படவில்லையே. "இருங்கோ, நான் பக்கத்திலைதான் இருக்கிறன், கொஞ்ச நேரத்திலை குறையும்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே பக்கத்தில் இருந்தால் போதும். கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். நீங்களே மெதுவாக மூச்சு விடுங்கள், அவர் தானாகவே பின்பற்றுவார். பாவம் பார்த்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊருக்கு இது பொருந்தும். யுத்தத்தில் வீடு விட்டு ஓடியவர்களும், 2004 டிசம்பர் 26 இல் கடலுக்கு ஆளைக் கொடுத்தவர்களும் நம்மிடையே நிறைய. அந்த நினைவுகளை மூடவே குடிக்கத் தொடங்கியவர்கள் உண்டு. குடி போனதும் அவை திரும்ப எழும்: கனவு, திடுக்கிடல், வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு பதறுவது. இப்படிப்பட்டவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. குடிக்கான உதவியோடு சேர்த்து அதற்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும், அது இருக்கிறது.

எப்போது வைத்தியரிடம்

நெஞ்சு நோ முதல் தடவை வரும்போது இது பானிக்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நாற்பது தாண்டியவர், பிரஷர் அல்லது சீனி வருத்தம் உள்ளவர், நோ கைக்கோ தாடைக்கோ பரவுகிறவர், வேலை செய்யும்போது நோ கூடுகிறவர் என்றால் கட்டாயம் ஈசிஜி எடுக்க வேண்டும். தைரொயிட் சுரப்பியின் கோளாறும் இரத்தச் சோகையும் இதே போலப் படபடப்பைத் தரும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

குடியை முழுதாக விட்டு ஒரு மாதம் தாண்டியும் பதகளிப்பு குறையாமல் நின்றால், அது குடியோடு வந்தது மட்டுமில்லாமல் தனி வருத்தமாகவும் இருக்கலாம். மனநல கிளினிக்கில் அதைப் பார்ப்பார்கள். அரச வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை பானிக்குக்கு நன்றாக வேலை செய்கிறது. செர்ட்ரலின் போன்ற குளிசைகளைத் தந்தால், அவை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். முதல் சில நாட்களில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்துப் பயந்து பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தும் முன் வைத்தியரிடம் கதையுங்கள். கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோபிரனோலோல் ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடாது, ஆகவே ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எவ்வளவு குடித்தீர்கள், வேறு என்ன பாவித்தீர்கள், கடைசியாக எப்போது என்பதையும் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகும்.

கிளினிக் நாள் வரை தாங்க முடியாமல் இருந்தால், அல்லது சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஐ அழைக்கலாம். யார் என்ற விபரம் சொல்லக் கூச்சமாக இருந்தால், என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்.